எச்.எல்.டி.ஏ பயிற்சிக்குச் சம்மதிக்கும் முன் பள்ளியிடம் எழுதி வாங்க வேண்டியவை

இங்கிலாந்தின் செகண்டரி பள்ளிகளில் டீச்சிங் அசிஸ்டன்ட் (டி.ஏ) வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பள்ளி எச்.எல்.டி.ஏ எனப்படும் உயர்நிலை உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதி முடிப்பார்கள். சான்றிதழ் வரும், ஹெட் டீச்சரிடமிருந்து வாழ்த்து மின்னஞ்சலும் வரும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஒரு பென்ஸ்கூட ஏறியிருக்காது. ஆசிரியர் வராத நாளில் முழு வகுப்பு மட்டும் அவர்கள் தலையில் விழுந்திருக்கும். போய்க் கேட்டால், தகுதி வேறு பதவி வேறு, பதவிக்குப் பட்ஜெட் இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. அதனால்தான் கேட்க வேண்டியதையெல்லாம் பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பின்னணி இவ்வளவு போதும். 2003-இல் ஆசிரியர்களின் வேலைப் பளுவைக் குறைக்க ஒரு தேசிய உடன்பாடு வந்தது. எச்.எல்.டி.ஏ என்ற உயர்நிலை உதவியாளர் அந்தஸ்து அதோடு பிறந்தது. அது பட்டமோ டிப்ளோமாவோ அல்ல. 33 தரக்கூறுகளில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நீங்கள் எட்டியிருக்கிறீர்கள் என்று வெளி மதிப்பீட்டாளர் உறுதி செய்வது, அவ்வளவுதான். ஆசிரியர் தகுதி அதில் வராது. இது தவிர லெவல் 3 (ஏ-லெவல் தரம்) டீச்சிங் அசிஸ்டன்ட் படிப்பும், வேலை பார்த்துக்கொண்டே சம்பளத்தோடு பயிலும் அப்ரென்டிஸ்ஷிப்பும் இருக்கின்றன. அண்மையில் லெவல் 5 ஸ்பெஷலிஸ்ட் டீச்சிங் அசிஸ்டன்ட் அப்ரென்டிஸ்ஷிப்பும் சேர்ந்திருக்கிறது. சிறப்புத் தேவை மாணவர்கள், மனநலமும் உணர்வும், பாடத்திட்டம் என்று அதில் மூன்று பிரிவுகள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

இருபது பவுண்ட் டிப்ளோமா

டீச்சிங் அசிஸ்டன்ட் ஆக இன்ன சான்றிதழ் கட்டாயம் என்று நாட்டளவில் சட்டம் எதுவும் இல்லை. யாரை எடுப்பது என்பது பள்ளியின் முடிவு. இந்த இடைவெளிக்குள் புகுந்துதான் ஃபேஸ்புக் விளம்பரக்காரர்கள் "லெவல் 3 டிப்ளோமா, வீட்டிலிருந்தே, இரண்டு வாரத்தில்" என்று விற்கிறார்கள். "சிபிடி (தொடர் தொழில் பயிற்சி) அங்கீகாரம்" என்று போட்டிருந்தால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அரசின் தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்குவால் பொதுப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறது. படிப்பின் தகுதி எண்ணைக் கேட்டு வாங்கி அந்தப் பதிவேட்டில் தேடுங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் இருக்கும் படிப்பிலும் பெயரைக் கவனிக்க வேண்டும். மொத்தப் படிப்பு நேரம் 120 மணிக்குள் என்றால் 'அவார்ட்', 121 முதல் 369 வரை 'சர்டிபிகேட்', 370 முதல் 'டிப்ளோமா'. லெவல் 3 அவார்ட் பெரும்பாலும் ஏட்டறிவு மட்டும். சர்டிபிகேட்டுக்கும் டிப்ளோமாவுக்கும் ஒரு பள்ளிக்குள் நின்று வேலை செய்து காட்ட வேண்டும். பள்ளி கிடைக்கும் முன்பே டிப்ளோமாவுக்குப் பணம் கட்டியவர்கள் பாதியில் நின்றுபோவது இதனால்தான். நிறுவனம் பள்ளி தேடித் தராது, பணத்தையும் திருப்பித் தராது. பள்ளியின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

டி.ஏ வேலைக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பதில் பேசாமல் வந்துவிடுங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு ஸ்கில்டு வொர்க்கர் விசா பட்டதாரி நிலை வேலைகளுக்கு உயர்த்தப்பட்டுவிட்டது. இந்த வேலை அந்த வரம்புக்குள் வராது.

ஒரே பிள்ளையோடு ஒட்டிக்கிடந்தால் எச்.எல்.டி.ஏ கிடைக்காது

செகண்டரி பள்ளியில் உள்ளவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 33 தரக்கூறுகளில் தனி மாணவரோடு வேலை செய்வதும் சிறு குழுவோடு வேலை செய்வதும் உண்டு. மூன்றாவதாக, பாட ஆசிரியர் அறையில் இல்லாமல் முழு வகுப்பின் கற்றலையும் முன்னகர்த்துவது. மூன்றுக்கும் எழுத்துச் சான்று வேண்டும். மதிப்பீட்டாளர் அரை நாள் பள்ளிக்கு வருவார். உங்கள் வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போட அவர் வருவதில்லை. நீங்கள் எழுதித் தந்ததை வைத்துக் கேள்வி கேட்பார், உங்களோடு வேலை செய்யும் ஆசிரியரையும் ஹெட் டீச்சரையும் தனியாகச் சந்திப்பார், ஆவணங்களைப் புரட்டுவார்.

செகண்டரியில் பெரும்பாலான உதவியாளர்கள் சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள ஒரு பிள்ளையின் பக்கத்தில்தான் நாள் முழுக்க இருக்கிறார்கள். காலையில் கணக்கு, பிறகு புவியியல், அப்புறம் சமையல் வகுப்பு என்று பிள்ளை போகும் இடமெல்லாம் போவார்கள். எந்தப் பாடத்திலும் ஒரு வகுப்பை முழுதாக எடுக்கும் வாய்ப்பு வராது. அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கிய மணி நேரத்திலிருந்து உங்களைப் பிரித்தெடுக்க, சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரான சென்கோவுக்கும் மனம் வராது. ஆயத்த வகுப்புகள் முடிந்து, எழுத்துப் பணிக்கு உட்காரும்போதுதான் முழு வகுப்புக்கான சான்று கையில் இல்லை என்று தெரியவரும்.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே ஹெட் டீச்சரிடம் கேட்க வேண்டியது கால அட்டவணை மாற்றம். ஒரே பாடத்துறை, கணக்கோ அறிவியலோ ஆங்கிலமோ. அதில் ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு, வாரம் ஒரு பாடமாவது, குறைந்தது அரைப் பருவம். அந்தப் பாடத்தை நீங்களே திட்டமிட வேண்டும், நீங்களே திருத்த வேண்டும். பாடத் திட்டத்தாளில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஆசிரியர் தந்த ஒர்க்ஷீட்டைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது சான்றாகாது. அது கவர் மேற்பார்வை, அதாவது ஆசிரியர் இல்லாதபோது வகுப்பைப் பார்த்துக்கொள்வது மட்டும், கணக்கில் வராது.

உங்களுக்காகப் பேசப்போகும் ஆசிரியர் வருடம் முழுக்க அந்தப் பள்ளியில் இருப்பாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி அனுப்பும் தற்காலிக ஆசிரியரை நம்பித் தொடங்கி, மதிப்பீட்டு நாளன்று அவர் வேறு பள்ளியில் இருப்பது அரிதல்ல.

ஆங்கிலம், கணக்கு: எந்தத் தாள் செல்லும்

எச்.எல்.டி.ஏ-க்கு இரண்டிலும் லெவல் 2 கட்டாயம். அதாவது பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ தேர்வில் 4 அல்லது பழைய சி, அல்லது அதற்குச் சமமானது. யாழ்ப்பாணத்தில் எடுத்த ஓ/எல் முடிவோ சென்னையில் எடுத்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ நேரடியாகச் செல்லாது. வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்லும் யூ.கே. எனிக் நிறுவனத்திடம் ஒப்பீட்டுக் கடிதம் எடுக்க வேண்டும். அந்தக் கடிதமும் ஒரு கருத்துதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த தாளை ஏற்பதா என்பது பயிற்சி நிறுவனத்தின் கையில். எனிக்குக்குப் பணம் கட்டும் முன், இன்ன நாட்டின் இன்ன சான்றிதழை ஏற்பீர்களா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன "ஓகே" மதிப்பீட்டு நாளில் உதவாது. கையில் ஒரு பல்கலைக்கழகப் பட்டம் இருந்தாலும் இந்த இரண்டு தாள்களையும் கேட்கத்தான் செய்வார்கள்.

தாள் இல்லையா? 19 வயதுக்கு மேற்பட்டு, வசிப்பிட நிபந்தனைக்குள் வருபவர்களுக்கு லெவல் 2 வரை ஆங்கிலமும் கணக்கும் இலவசம். கல்லூரியில் உங்களை, அன்றாடப் பயன்பாட்டுக்கான ஆங்கிலம், கணக்குத் தேர்வான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள், சீக்கிரம் முடியும் என்று. எச்.எல்.டி.ஏ-க்கு அது போதும். ஆனால் என்றாவது ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் ஜி.சி.எஸ்.இ கேளுங்கள், அதுவும் அதே இலவசத்தில்தான் வருகிறது. ஆசிரியர் பயிற்சிக்கு ஃபங்ஷனல் ஸ்கில்ஸை ஏற்காத பல்கலைக்கழகங்கள் நிறைய. இப்போது சில மாதம் மிச்சம் பிடித்தால் பிறகு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.

அப்ரென்டிஸ்ஷிப்பில் 2025 பிப்ரவரி முதல் 19 வயது கடந்தவர்களுக்கு இந்த ஆங்கிலம், கணக்கு நிபந்தனையை முதலாளி சம்மதித்தால் விட்டுவிடலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். அந்தத் தளர்வு அப்ரென்டிஸ்ஷிப்போடு முடிகிறது. எச்.எல்.டி.ஏ அந்தஸ்துக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது.

"எங்களிடம் நிதி இல்லை"

அப்ரென்டிஸ்ஷிப் கேட்டுப் போகிறவர்கள் அலுவலகத்தில் முதலில் கேட்கும் வாசகம் இது. பல நேரம் சொல்பவருக்கே விஷயம் தெரியாது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளி லெவி என்ற அப்ரென்டிஸ்ஷிப் வரி கட்டுகிறார், பயிற்சிச் செலவு அந்தக் கணக்கிலிருந்து போகிறது. ஆகவே கேள்வி, உங்கள் முதலாளி யார் என்பது. கம்யூனிட்டி பள்ளி என்றால் உள்ளூராட்சி மன்றம், பணம் மன்றத்தின் லெவி கணக்கில் இருக்கும். பள்ளி பிசினஸ் மேனேஜர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார். மன்றத்தின் கீழ் வராமல் அரசு நிதியில் நடக்கும் அகாடமி என்றால், அதை நடத்தும் டிரஸ்ட். கத்தோலிக்கப் பள்ளிகள் போன்ற வாலன்டரி எய்டட் பள்ளிகளில் நிர்வாகக் குழுவே முதலாளி. லெவி கட்டும் அளவு பெரிதாக இல்லாத பள்ளிக்கு அரசு பெரும்பகுதியைக் கொடுக்கும், பள்ளி நூற்றுக்கு 5 போட்டால் போதும். மன்றத்திலோ டிரஸ்டிலோ அப்ரென்டிஸ்ஷிப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவருக்கும் பிசினஸ் மேனேஜருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே ஒரு பருவம் கழிந்துவிடும்.

உங்களிடமிருந்து ஒரு பென்ஸ் வாங்கவும் விதியில் இடமில்லை. நடுவில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், அப்ரென்டிஸ்ஷிப் நிதி விதி அதை அனுமதிக்கவில்லை. எச்.எல்.டி.ஏ கட்டணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே "இரண்டு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்டு" என்று எழுதி வாங்கும் பள்ளிகள் உண்டு. தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பயிற்சி நேரம் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும். "வகுப்பில் ஆள் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அந்த நேரத்துக்கு ஈடாக வேறு நேரம் தர வேண்டும். எந்தக் கிழமை, எந்தப் பீரியட் என்று பயிற்சித் திட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. முதல் வருட அப்ரென்டிஸுக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்ட். 21 வயது கடந்த சாதாரண ஊழியருக்கு 12.71. ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவருக்குப் புது ஒப்பந்தம் நீட்டி அப்ரென்டிஸ் வீதத்துக்கு இறக்கப் பார்க்கும் இடங்கள் உண்டு. இருக்கும் ஒப்பந்தமும் சம்பளமும் மாறாமல்தான் பயிற்சி என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

வசிப்பிட விதி நம்மவர்களைப் பிடிக்கும் இடம் வேறு. அப்ரென்டிஸ்ஷிப் நிதிக்கு வேலை செய்யும் உரிமை இருப்பது மட்டும் போதாது. தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. துணையின் விசாவில் போன வருடம் வந்தவர் காத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு ஊரில் நாலு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவரும் இதில் மாட்டுவார். அகதி அந்தஸ்து பெற்றவருக்கு இந்த மூன்று வருடக் கணக்கு இல்லை. அது தெரியாத அலுவலர் திருப்பி அனுப்பினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பலர் விதியை மறுபடி படிப்பார்கள்.

டி.பி.எஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸில் பதிந்தால் பள்ளி மாறும்போது புதிதாக எடுக்கும் தேவை குறையும். தன்னார்வலராக இலவசமாக எடுத்தது சம்பள வேலைக்கு உதவாது.

சம்பளம், விளம்பரத்தில் போட்டது அல்ல

விளம்பரத்தில் 26,000 பவுண்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் வாரம் 37 மணி நேரம், வருடம் முழுக்க வேலை செய்பவருக்கு. உங்களுக்கு வாரம் 30 மணி, பள்ளி நாட்கள் மட்டும் என்று வையுங்கள். 26,000-ஐ 37-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் சுமார் 21,080. 39 பள்ளி வாரங்களோடு விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்து 44 வாரம் என்று கொண்டால், 52-இல் 44 பங்கு, சுமார் 17,840. அதைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள். நேர்முகத்திலேயே "எத்தனை வாரத்துக்குச் சம்பளம்" என்று கேளுங்கள்.

அடுத்தது பிளவு ஒப்பந்தம். வாரத்தில் ஆறு மணி நேரம் எச்.எல்.டி.ஏ வீதம், மீதிக்குப் பழைய வீதம். அந்த ஆறில் வகுப்பு நேரம் மட்டும்தான் எண்ணப்படும். திட்டமிடலும் திருத்தலும் உங்கள் மதிய உணவு நேரத்தில் போய்விடும். ஆசிரியருக்கு இருப்பதுபோல் திட்டமிடும் நேரத்துக்கு உதவியாளருக்குச் சட்ட உரிமை இல்லை. ஆகவே அது வேலை விவரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்தஸ்து இருந்தும் பழைய சம்பளத்திலேயே முழு வகுப்பு எடுக்கிறீர்களா? உள்ளூராட்சி மன்றப் பள்ளிகளுக்கு 2012 விதிமுறை ஒன்று இருக்கிறது. பாடம் திட்டமிடல், நடத்தல், மதிப்பிடல் எல்லாம் அதில் 'குறிப்பிட்ட வேலை'. தகுதி பெற்ற ஆசிரியரின் வழிகாட்டலிலும் மேற்பார்வையிலும்தான் உதவியாளர் அதைச் செய்யலாம், உங்களுக்குத் திறனும் அனுபவமும் உண்டு என்று ஹெட் டீச்சருக்குத் திருப்தி இருக்க வேண்டும். அகாடமிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை: உங்களை மேற்பார்வையிடும் ஆசிரியர் யார்?

அரைப் பருவத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பீரியட், வகுப்பு, ஆசிரியர் இருந்தாரா, பாடத்தைத் திட்டமிட்டது யார், திருத்தியது யார். அதோடு உங்கள் வேலை விவரத்தையும் எச்.எல்.டி.ஏ பதவியின் வேலை விவரத்தையும் பக்கத்தில் வைத்து, பதவித் தரத்தை மறுமதிப்பீடு செய்யக் கோரி எழுதுங்கள். யூனிசன், ஜி.எம்.பி, யுனைட் மூன்றிலும் பள்ளி உதவி ஊழியர்கள் சேரலாம். தகராறு வந்த பிறகு சேர்ந்தால் அதற்கு முந்தைய விஷயத்தைச் சங்கம் எடுக்காமல் போகலாம், அதனால் கடிதத்துக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து உயர்ந்த வீதம் கோருகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். தேதி போடாவிட்டால், கோரிக்கை வென்றாலும் முடிவு வந்த நாளிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள்.