பேனல்ல மீதி வோல்ட் எங்க போகுது? சார்ஜ் கண்ட்ரோலர் ரெண்டு வகையும் வேலை செய்ற விதம்

100 வாட் சோலார் பேனல் வாங்கி மாட்டியாச்சு, நல்ல உச்சி வெயில், ஆனா பேட்டரி பக்கம் மீட்டர் வச்சுப் பார்த்தா 70 வாட் சொச்சம்தான் ஏறுது, உடனே பேனல் டூப்ளிகேட்டோனு சந்தேகம் வந்துடும். பெரும்பாலும் பேனல் மேல தப்பே இருக்காது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல நின்னு சார்ஜ் ஏறுறதைக் கட்டுப்படுத்துற சார்ஜ் கண்ட்ரோலர் எந்த வகை, பிடபிள்யூஎம்மா (PWM) எம்பிபிடியாங்கிறதுலதான் (MPPT) விஷயம் இருக்கு.

பேனலுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. 36 செல் உள்ள 100 வாட் பேனல்னா விஎம்பி (வாட் அதிகம் கிடைக்கிற வோல்ட்டேஜ்) 18 வோல்ட், ஐஎம்பி (அப்போ ஓடுற கரண்ட்) 5.5 ஆம்ப்ஸ், விஓசி (எதுவும் மாட்டாம சும்மா இருக்கும்போது வர்ற வோல்ட்டேஜ்) 22 வோல்ட்னு அந்தக் கணக்குல போட்டிருக்கும். 18ஐயும் 5.5ஐயும் பெருக்கினா 99, அதான் அந்த 100 வாட். அப்போ 18 வோல்ட்ல வச்சு இழுத்தாதான் 100 வாட் வரும், வேற எந்த வோல்ட்டேஜ்ல இழுத்தாலும் குறையும்.

பேனல் பேட்டரி மாதிரி கிடையாது, இதை மனசுல வாங்கிட்டா மத்தது எல்லாம் தானா புரிஞ்சிடும். பேட்டரியோட ரெண்டு முனையையும் ஒயரால சேர்த்துட்டா நூத்துக்கணக்கான ஆம்ப்ஸ் பாய்ஞ்சு ஒயரே உருகிடும், ஆனா இந்த பேனல்ல அதே மாதிரி சேர்த்தா 6 ஆம்ப்ஸ் பக்கத்துல வந்து அதோட நின்னுக்கும், ஏன்னா விழுற வெளிச்சத்துக்கு ஏத்த அளவு எலக்ட்ரான்தான் கிளம்பும், அதுக்கு மேல இழுக்க முடியாது. 0 வோல்ட்ல ஆரம்பிச்சு 16 வோல்ட் வரைக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒரே அளவுலயே ஓடும், அதுக்கப்புறம் மடமடன்னு சரிஞ்சு 22ல பூஜ்யம் ஆகிடும். சரிய ஆரம்பிக்கிற அந்த வளைவுலதான் வாட் அதிகம் கிடைக்கும்.

இப்போ பிடபிள்யூஎம் கண்ட்ரோலர். இது அடிப்படையில ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். உள்ள ஸ்விட்ச்சா வேலை செய்ற மாஸ்ஃபெட்ங்கிற டிரான்சிஸ்டர் ஆன் ஆனதும் பேனலும் பேட்டரியும் நேரா சேர்ந்துடும், 12 வோல்ட் பேட்டரி அப்போ 13 வோல்ட்ல இருந்தா பேனலையும் 13க்கு இழுத்துட்டு வந்துடும். கரண்ட் கிட்டத்தட்ட அதே அளவு, 5.6 ஆம்ப்ஸ்தான், பெருக்கினா 73 வாட். மீதி 27 வாட் கண்ட்ரோலர்ல சூடாகி வீணாகுதுனு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லை, அது பேனல்ல இருந்து வெளிய வரவே இல்லை, செல்லுக்குள்ளயே சூடாகத் தங்கிடுது. பேட்டரி நிரம்பி 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அந்த ஸ்விட்ச் ஒரு நொடிக்குள்ள பல தடவை ஆன் ஆஃப் ஆகி, ஆன்ல இருக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே போய் வோல்ட்டேஜ் ஏறாம பிடிச்சு வச்சுக்கும்.

எம்பிபிடில, அதாவது வாட் அதிகம் கிடைக்கிற புள்ளியைத் தேடிப் பிடிக்கிற கண்ட்ரோலர்ல, ஸ்விட்ச்சோட ஒரு காயிலும் இருக்கும். ஸ்விட்ச் ஆன் ஆகும்போது காயில்ல கரண்ட் ஏறி அதைச் சுத்தி காந்தப்புலம் உருவாகும், ஆஃப் ஆனதும் அந்தக் காந்தப்புலம் அடங்கும்போது கரண்ட்டை பேட்டரிக்குள்ள தள்ளி விடும், இது நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கும். இதனால பேனல் 18 வோல்ட்லயே நிக்கலாம், பேட்டரி 13லயே இருக்கலாம், இறங்கின வோல்ட்டுக்கு ஈடா ஆம்ப்ஸ் கூடும். 95 சதவீதம் திறன்னு வச்சுக்கிட்டா 95 வாட்டை 13ஆல வகுத்து 7.3 ஆம்ப்ஸ் பேட்டரிக்குப் போகும். அந்தச் சரியான வோல்ட்டேஜை அது எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா, கொஞ்சம் ஏத்திப் பார்க்கும், வாட் கூடுச்சுன்னா இன்னும் ஏத்தும், குறைஞ்சா திரும்பி இறங்கும், மேகம் வந்து போனாலும் இப்படியே தடவித் தடவி உச்சியைப் பிடிச்சுக்கும். பேனல்ல ஒரு பகுதி மேல மட்டும் நிழல் விழுந்தா எந்த வோல்ட்டேஜ்ல எவ்ளோ வாட்ங்கிற வளைவுல ரெண்டு மூணு உச்சி வந்துடும், சில கண்ட்ரோலர் சின்ன உச்சியிலயே நின்னு ஏமாந்துடும்.

அப்போ எம்பிபிடி வாங்கினா 30 சதவீதம் கூடக் கிடைக்குமா? விளம்பரத்துல அப்படித்தான் போடுறாங்க, எனக்கு இதுலதான் ஆதங்கம். ஸ்டிக்கர்ல இருக்கிற 18 வோல்ட் செல் 25 டிகிரியில இருக்கும்போது எடுத்த கணக்கு. சுட்டெரிக்கிற வெயில்ல செல் 65 டிகிரி வரைக்கும் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் விஎம்பி சுமார் 0.4 சதவீதம் குறையும், 40 டிகிரி ஏறினா 16 சதவீதம் போச்சு, 18 வோல்ட் 15 ஆகிடும். அப்போ பேனல் தரக்கூடியதே 84 வாட்தான், எம்பிபிடி வழியா 80. பேட்டரி நிரம்புற நேரத்துல 14.4 வோல்ட்ல பிடபிள்யூஎம் போட்டாலும் அதே 80 தான். காலி பேட்டரி 12.5ல இருந்தா 70க்கு 80னு வித்தியாசம் தெரியும். அதனால ஒரே ஒரு 36 செல் பேனல், ரெண்டு மூணு லைட், போன் சார்ஜ், இதுக்கு மட்டும்னா பிடபிள்யூஎம் போதும், மிச்சமாகிற காசைப் பேட்டரியில போடுங்கனுதான் சொல்வேன். குளிர் பிரதேசத்துல இருக்கிறவங்களுக்குக் கணக்கு வேற, அங்க எம்பிபிடிக்கு நிஜமாவே மவுசு உண்டு.

ஆனா கூரைக்குப் போடுற பெரிய 60 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு மாட்டினா கதையே மாறிடும். 300 வாட் பேனல், விஎம்பி 32 வோல்ட், கரண்ட் 9.5 ஆம்ப்ஸ்னு வச்சுக்கோங்க. பிடபிள்யூஎம்ல 13 வோல்ட்டுக்கு இழுத்துட்டா 124 வாட்தான், பாதிக்கு மேல போச்சு. எம்பிபிடில 285 வாட், அதாவது 22 ஆம்ப்ஸ், அதுக்கு 30 ஆம்ப்ஸ் கண்ட்ரோலர் வேணும். பேனல் வோல்ட்டுக்கும் பேட்டரி வோல்ட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்கோ அதை வச்சுத்தான் கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கணும்.

மேல எம்பிபிடினு எழுதியிருந்தா உள்ளயும் எம்பிபிடினு நம்பிடாதீங்க. எங்க சித்தப்பா கையடக்கமா, தூக்கினா வெயிட்டே இல்லாத கண்ட்ரோலர் ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தார், டிஸ்ப்ளேல பெருசா எம்பிபிடினு இருந்துச்சு. காலையில பேட்டரி பாதி காலியா இருக்கும்போது டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் பேனல் ஒயர்ல மாட்டினேன், 4.9 ஆம்ப்ஸ். பேட்டரி ஒயர்ல மாட்டினேன், அங்கேயும் 4.9. பேனல் முனையில வோல்ட் 12.8, பேட்டரியில 12.6. "இது ஸ்விட்ச்தான் சித்தப்பா"னு சொன்னேன், அவருக்கு முகம் வாடிப் போச்சு. நிஜ எம்பிபிடினா பேட்டரி பக்கம் ஆம்ப்ஸ் கூட இருந்திருக்கணும், பேனல் முனையில 16, 17 வோல்ட் நின்னிருக்கணும். கழட்டிப் பார்த்தோம், காயிலே இல்லை.

எம்பிபிடி வாங்குறவங்க பார்க்க வேண்டிய முதல் எண் அதோட அதிகபட்ச இன்புட் வோல்ட்டேஜ். ஆம்ப்ஸ் கூடினா நல்ல கண்ட்ரோலர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கும், வோல்ட் கூடினா உள்ள இருக்கிற பாகம் செத்துடும். 72 செல் பேனல் ஒண்ணோட விஓசி 47 வோல்ட்னா ரெண்டை சீரியஸ்ல (ஒண்ணோட பிளஸ்ல இன்னொண்ணோட மைனஸைச் சேர்த்து) போட்டா 94, கண்ட்ரோலர் 100 வோல்ட் தாங்கும்னு நிம்மதியா இருப்பீங்க. ஆனா குளிர்ல விஓசி ஏறும், டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம். 5 டிகிரி குளிர்ற விடியக்காலை, முதல் வெயில் பட்டதும் அது 99.6 வோல்ட். இன்னும் ரெண்டு டிகிரி இறங்கினா எல்லை தாண்டிடும், அதனால 150 வோல்ட் மாடலாப் பாருங்க. சீரியஸ்ல போடுறதுல லாபம் ஒயர்ல இருக்கு, மூணு பேனலைப் பேரலல்ல போடாம சீரியஸ்ல போட்டு கரண்ட் மூணுல ஒரு பங்கா குறைஞ்சா ஒயர்ல சூடாகிற நஷ்டம் ஒன்பதுல ஒரு பங்காயிடும்.

ரெண்டு வகையிலயும் பேட்டரி செட்டிங் சரியா வைக்கணும். லெட் ஆசிட்னா 14.4ல நிரப்பி 13.6ல நிறுத்தி வைக்கிறது வழக்கம், பேட்டரி சூடானா இந்த வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கிற வசதி இருக்கானு பாருங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அந்தக் குறைப்பும் ஈக்வலைசேஷனும் (அப்பப்போ வோல்ட்டைக் கூட்டி செல்லையெல்லாம் சமப்படுத்துறது) ஆஃப்ல இருக்கணும், 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தவே கூடாது. இன்வெர்ட்டரை கண்ட்ரோலரோட லோடு முனையில மாட்டாதீங்க, நேரா பேட்டரியில ஃப்யூஸ் போட்டு மாட்டுங்க.

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல். பல கண்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் 12 வோல்ட்டா 24 வோல்ட்டானு புரிஞ்சுக்கும். கழட்டும்போது தலைகீழா, பேனல் ஒயரை முதல்ல எடுங்க, அதுக்கும் முன்னாடி ஒரு தடிமனான துணியைப் பேனல் மேல போத்திட்டு வேலையை ஆரம்பிச்சா ஒயர் முனையில பொறி பறக்காது.