திரை ஏன் மங்குகிறது?

புதிதாக ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போகிறீர்கள். டபுள் கிளிக் செய்ததும் திரை மங்கி, இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. நான்தானே அட்மின், என்னிடமே அனுமதியா என்று எரிச்சல் வரும். படிக்காமலே ‘யெஸ்’ அழுத்திவிடுவோம்.

வீட்டுக்காரர் என்பதற்காக யாரும் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை. விண்டோஸ் செய்வதும் அதுதான். அட்மின் கணக்கில் லாகின் செய்யும்போது உங்களுக்கென இரண்டு டோக்கன்கள், அதாவது என்னென்ன செய்யலாம் என்று சொல்லும் அனுமதிச் சீட்டுகள், உருவாகின்றன. ஒன்றில் முழு அதிகாரமும் இருக்கும். மற்றதில் முக்கியமான அதிகாரங்கள் கழிக்கப்பட்டிருக்கும். டெஸ்க்டாப் தொடங்குவது இந்த இரண்டாவதோடுதான். அங்கிருந்து நீங்கள் திறக்கும் பிரவுசர், கேம் எல்லாவற்றுக்கும் அதே குறைந்த அதிகாரம்தான் போய்ச் சேரும். ‘யெஸ்’ அழுத்தினால் மட்டும் அந்த ஒரு மென்பொருளின் கைக்கு முதல் டோக்கன் போகிறது.

திரை மங்குவது அலங்காரமல்ல. அப்போது பின்னால் தெரிவது உங்கள் டெஸ்க்டாப்பே இல்லை, அதன் படம். விண்டோஸ் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பின்னணியில் மாட்டிவிட்டு, வேறொரு தனி டெஸ்க்டாப்புக்கு மாறிவிடுகிறது. ஏன் இவ்வளவு மெனக்கெடல்? மவுஸை நகர்த்துவது, கிளிக் செய்வது எல்லாம் ஒரு மென்பொருளே செய்யக்கூடியவை. கேள்வி சாதாரண டெஸ்க்டாப்பில் வந்தால், கேட்க வைத்த வைரஸே ‘யெஸ்’ஸையும் அழுத்திவிடலாம். தனி டெஸ்க்டாப்புக்குள் அதன் கை நீளாது.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இதெல்லாம் கிடையாது. வீட்டுக் கணினியில் பெரும்பாலும் எல்லோருமே முழு அட்மின். அதனால் மென்பொருள் எழுதியவர்களும், தேவையோ இல்லையோ, அட்மின் அதிகாரம் இருக்கும் என்றே எழுதிப் பழகினார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது தொட்டதற்கெல்லாம் கேள்வி வந்தது அதனால்தான். ஆப்பிள் அதைக் கிண்டலடித்து விளம்பரமே எடுத்தது. மறுவருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், பயனர்களை எரிச்சலூட்டத்தான் இதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். மக்கள் திட்டினால் மென்பொருள் நிறுவனங்கள் திருந்தும் என்பது கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது என்றுதான் நினைக்கிறேன். 2009இல் விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்துக்கொண்டது.

சரி, இந்தக் கேள்விப் பெட்டி வந்தால் எதைப் பார்ப்பது? நீலமாக இருந்தால் வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் யார் எழுதியது என்று விண்டோஸுக்கே தெரியாது. நிறத்தைவிட நான் பெரிதாக நினைப்பது நேரத்தை. இன்ஸ்டால் செய்யும்போது கேள்வி வருவது இயல்பு. மின்கட்டண ரசீது என்று மெயிலில் வந்த ஃபைலைத் திறக்கும்போது வந்தால், அது ரசீதே அல்ல. அப்போது ‘நோ’ அழுத்தினாலும் முழு நிம்மதி கிடையாது: உங்கள் புகைப்படங்களையும் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரம் தேவையே இல்லை. அவை உங்களுடையவை, குறைந்த டோக்கனே அவற்றைத் திறக்கப் போதும்.