கெட்டில் இழுக்கும் 139 ஆம்பியர்

கேரவனில் தேநீர் போட 1500 வாட் கெட்டில் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். 230 வோல்ட் பிளக்கில் அது இழுப்பது ஆறரை ஆம்பியர்தான். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால்? 1500-ஐ 12-ஆல் வகுத்தால் 125. இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து சதவீதத்தைச் சூடாக்கித் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் 139 ஆம்பியர். கேரவன் மின்சாரத்தில் வரும் பாதித் தொல்லை இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

முதலில் வயர். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே இரண்டு மீட்டர் என்றால், போக வர நான்கு மீட்டர். அதற்கு 10 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், பார்க்கத் தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அதிலேயே தொலையும். 130 வாட் வெப்பமாகி இன்சுலேஷனை இளக்கும். 70 சதுர மி.மீ. கேபிளில் இந்த இழப்பு 20 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. ஆகவே இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, 230 வோல்ட் வயரை வேண்டுமளவு நீட்டிக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். அது காப்பது இன்வெர்ட்டரை அல்ல, வயரை.

மெல்லிய வயர் இன்னொரு வேலையும் செய்யும். தொலைந்த வோல்ட்டை ஈடுகட்ட இன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். அதனால் வோல்ட் மேலும் இறங்கும். கடைசியில் குறைந்த வோல்ட்டேஜ் அலாரம் அடித்து நின்றுவிடும். பேட்டரி போச்சு என்று புதிதாக வாங்குவார்கள், அதுவும் அடிக்கும். (கேஸ் அடுப்பு இருக்கும் வண்டியில் மின்சாரக் கெட்டில் எதற்கு என்பது என் கட்சி.)

எடுத்ததைத் திரும்ப நிரப்புவது சார்ஜரின் பாடு. லெட் ஆசிட் பேட்டரி முதல் 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். அதன்பின் சார்ஜர் சுமார் 14.4 வோல்ட்டில் பிடித்து நிறுத்த, ஆம்பியர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மின்சாரம் எடுக்கும்போது பேட்டரித் தகட்டில் படியும் சல்ஃபேட்டில் மேற்பரப்பில் உள்ளது சீக்கிரம் கரைந்துவிடுகிறது; உள்ளே இருப்பதுதான் மணிக்கணக்கில் இழுக்கிறது. நிரம்பிய பிறகு 13.5 வோல்ட் அளவில் சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதும். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கடைசி 20 சதவீதத்தில்தான் அடிபடும்.

லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் (LiFePO4) பேட்டரி இதற்கு நேர் எதிர். கொடுப்பதையெல்லாம் கடைசிவரை விழுங்கும். நல்லதுதானே என்றால், வண்டியின் இன்ஜின் சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு அது ஆபத்து. வண்டி நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது அதன் விசிறி மெதுவாகச் சுற்றும், சுமையோ உச்சத்தில் இருக்கும், கருகிவிடலாம். அதனால்தான் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜரை வைத்து, 30 ஆம்பியர் என்பது போல ஓர் அளவோடு நிறுத்துகிறார்கள். பூஜ்ய டிகிரிக்குக் கீழே இந்தப் பேட்டரியை சார்ஜ் செய்யவும் கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் மின்முனையினுள் போகாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்து, பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் சரியாக வாங்கியவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. இன்வெர்ட்டரின் வெளியீட்டை வண்டியின் எல்லா பிளக்குகளுக்கும் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்றில் சார்ஜரும் இருக்கும். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்ட, சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். யாரும் எதையும் போடாமலே விடிவதற்குள் பேட்டரி காலி. இன்வெர்ட்டரும் சார்ஜரும் ஒரே பெட்டியில் வரும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை: வண்டியை நிறுத்திய இடத்துப் பிளக்கிலிருந்து வெளி மின்சாரம் வந்ததும் உள்ளிருக்கும் ரிலே கண் இமைப்பதற்குள் மாறி, ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்டும். தனித்தனியாக வைத்திருப்பவர்கள் சார்ஜரை வெளி மின்சாரம் மட்டும் வரும் வயரில் இணைக்க வேண்டும். சோதிப்பது சுலபம். வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரைப் போடுங்கள். அப்போது சார்ஜரின் விளக்கு எரிந்தால் வயரிங் தப்பு.