கொம்பை மட்டும் பார்த்துச் சிலந்தியை அடையாளம் சொல்ல முடியாது

ஐப்பசி அடைமழை பிடித்து வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கியதும், டெல்டா மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முதுகில் கொம்பு முளைத்த ஒரு சிலந்தியின் படம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கடித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்ற எச்சரிக்கையும் அதனுடன் வரும். ஊர்ப்பெயர் மட்டும் திருத்துறைப்பூண்டி, பாபநாசம், சீர்காழி என்று மாறிக்கொண்டிருக்கும். விலங்கியல் கற்பிப்பவன் என்பதால் அந்தப் படம் எனக்கும் தவறாமல் வந்து சேர்கிறது. படத்தில் இருப்பது கற்பனை உயிரினம் அன்று. அது செரட்டோகைரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த டாரண்டுலா, அதாவது உடலெங்கும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி. ஆனால் அது வாழ்வது ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, மொசாம்பிக், நமீபியா, தென்னாப்பிரிக்கா, அங்கோலா உள்ளிட்ட ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில்தான்.

டாரண்டுலாக்கள் அனைத்தும் தெரபோசிடே என்னும் குடும்பத்தில் அடங்கும். அக்குடும்பத்தில் ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒரு பிரிவு ஹார்பக்டிரினே என்னும் துணைக்குடும்பம்; பபூன் சிலந்திகள் என்று வழங்கப்படுபவற்றில் பெரும்பகுதி இதில்தான் வருகிறது. செரட்டோகைரஸ் பேரினத்தை 1897-இல் நிறுவியவர் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக். நம் நாட்டு மரச்சிலந்திகளான பீசிலோதேரியா பேரினத்தின் பல சிற்றினங்களை 1899-இல் விவரித்தவரும், மறு ஆண்டே பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்தி வகைகளை நூலாகத் தொகுத்தவரும் இவரே. ஆகவே இரண்டு நிலப்பகுதிகளின் சிலந்திகளும் வெவ்வேறு என்பது இன்று நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று.

எல்லோரும் கொம்பைத்தான் பார்க்கிறார்கள். டாரண்டுலாவின் தலைமார்பை மூடியிருக்கும் ஓட்டின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். உணவை உறிஞ்சும் இரைப்பையை இயக்கும் தசைகள் ஓட்டின் உட்புறத்தில் பற்றியிருக்கும் இடத்துக்கு அது வெளி அடையாளம். செரட்டோகைரஸின் பல சிற்றினங்களில் இந்த இடம் குழியாக இல்லாமல் மேலெழுந்து கொம்பாகிவிடுகிறது. டார்லிங்கி என்னும் சிற்றினத்தில் அது பின்னோக்கி வளைந்திருக்கும். மார்ஷல்லியில் நெட்டுக்குத்தாக நிற்கும். 2019-இல் அங்கோலாவிலிருந்து விவரிக்கப்பட்ட அட்டோனிட்டிஃபெர் என்னும் சிற்றினத்திலோ கொம்பு மற்றவற்றைப் போல் கெட்டியாக இல்லாமல், மென்மையாகவும் மிக நீளமாகவும் வயிற்றின்மேல் சாய்ந்து கிடக்கிறது. இதன் பயன் என்ன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இத்தனை கண்ணைக் கவரும் இந்த உறுப்பை நம்பித்தான் வகைப்பாட்டாளர்களே சிக்கிக்கொண்டார்கள். பெச்சுவானிக்கஸ் என்று 1902-இல் தனிச் சிற்றினமாகப் பெயரிடப்பட்டது பின்னர் டார்லிங்கியாகவே கொள்ளப்பட்டது. 1991-இல் பெயர்பெற்ற கார்னுவேட்டஸ் மார்ஷல்லியுடன் சேர்ந்துவிட்டது. மறுபுறம், கொம்பே இல்லாத மெரிடியோனாலிஸ், எசன்டாமி, பால்செனி ஆகியவையும் இதே பேரினத்தில்தான் இருக்கின்றன. அதாவது, கொம்பு இருந்தால் செரட்டோகைரஸ் என்று ஊகிக்கலாம். கொம்பு இல்லை என்பதை வைத்துச் செரட்டோகைரஸ் அல்ல என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நச்சுப்பற்களைத் தாங்கும் தாடையின் வெளிப்பக்கத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இறகுபோல் கிளைத்த மயிர்கள் அடர்ந்து ஒரு திட்டாக அமைந்திருக்கும். இந்தத் திட்டு செரட்டோகைரஸுக்கும், அதன் நெருங்கிய உறவுகளான தெரினோகைலஸ், அகாசெஃபலஸ், யூக்ராட்டோசெலிஸ் ஆகிய பேரினங்களுக்கும் பொதுவானது. அடுத்து சிலந்தியைப் புரட்டி அடிவயிற்றைப் பார்க்க வேண்டும்: செரட்டோகைரஸில் அடிவயிற்றின் முன்பகுதியில் ஒரே அகலமுள்ள பட்டை ஒன்று குறுக்கே ஓடும், தெரினோகைலஸிலும் அகாசெஃபலஸிலும் அது இராது. யூக்ராட்டோசெலிஸை அதன் பருத்து மயிரடர்ந்த பின்னங்கால்களே காட்டிக்கொடுத்துவிடும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் இவற்றுள் பின்னங்காலைத் தவிர எதுவும் தெரியாது என்பதால்தான், படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்பவர்களுக்கு நான் பேரினத்தைச் சொல்லத் தயங்குகிறேன்.

நம் ஊர் வீடுகளில் பிடிபட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைபட்டு என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் சுவரில் ஓடும் வேட்டைச் சிலந்திகளே. தட்டையான உடல், நண்டைப்போல் பக்கவாட்டில் விரிந்த கால்கள், பெண்ணாக இருந்தால் நெஞ்சுக்கடியில் அணைத்துப் பிடித்த வெள்ளை வட்டமான முட்டைப்பை. பாட்டிலின் கண்ணாடி வழியே அடிப்புறத்தைப் பார்த்தால் அதன் நச்சுப்பற்கள் இடுக்கியைப்போல் ஒன்றையொன்று நோக்கி மடங்குவது தெரியும். டாரண்டுலாவின் பற்களோ இணையாக நின்று மேலிருந்து கீழாகக் குத்தும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே வீண் பயம் பெருமளவு நீங்கும். தமிழ்நாட்டில் டாரண்டுலாக்களே இல்லை என்பதல்ல. இராமேசுவரத்துப் புளிய மரங்களிலும் தோப்புகளிலும் வாழும் பீசிலோதேரியா ஹனுமவிலாசுமிகா 2004-இல்தான் விவரிக்கப்பட்டது, அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. அப்பேரினத்தின் கடி கடுமையான தசைப்பிடிப்பை உண்டாக்கக் கூடியது. ஆனால் அவை மரப்பொந்தில் ஒதுங்கி வாழ்பவை, கொம்பும் இல்லாதவை. செரட்டோகைரஸ் கடித்தாலும் நல்ல வலியும் வீக்கமும் இருக்கும். உயிர் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொட்டால் அரிக்கும் மயிர்களை உதறுவது அமெரிக்கக் கண்டங்களின் டாரண்டுலாக்களுக்கு உரிய பழக்கம். ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் அது பொருந்தாது.

இந்த வதந்தியின் உண்மையான சேதம் வயலில் நிகழ்கிறது. சிலந்தி என்றாலே அச்சம் கொண்டு வரப்பிலும் பயிரிலும் மருந்தடிக்கும்போது முதலில் சாவது, தூருக்கடியில் திரிந்து, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்திதான். பிறகு புகையான் பெருகினால் அதற்குத் தனியாக ஒரு மருந்துச் செலவு.

கடித்தது எதுவென்று தெரியாத காணாக்கடி என்று வருபவர்கள் சிலந்தியின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் பச்சிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிட ஆபத்து. இரவில் தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியும் தடமும் அனேகமாக இராது; விடியற்காலையில் வயிற்றுவலி வந்தாலோ, இமை சரிந்து பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியில்லாத கரும்பொருக்கு ஒன்று அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருந்து காய்ச்சலும் அடித்தால், அது சிறு உண்ணியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும் அந்த நோயைக் கண்டுபிடிக்க, மருத்துவரிடம் சிலந்தியின் படத்தைக் காட்டுவதைவிட அந்தப் பொருக்கைக் காட்டுவதே பயன்படும்.