விஷச்சாராயம்: ஈரல் நொதியை நிறுத்திவைக்கும் வைத்தியம்

விஷச்சாராயம் குடித்தவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிவரும்போது பெரும்பாலும் மறுநாள் ஆகிவிடுகிறது. "ராத்திரி நல்லாத்தான் சார் இருந்தார், காலையில கண்ணு தெரியலங்கிறார்" என்பார்கள் உடன் வந்தவர்கள். அந்த ராத்திரி முழுக்க அவருடைய ஈரல் வேலை செய்துகொண்டிருந்தது. சிக்கலே அதுதான்.

விஷச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் உள்ளே போனதும் போதை தரும், அவ்வளவுதான். ஈரலிலுள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதைச் சட்டென்று ஃபார்மிக் அமிலமாக்குகிறது. இந்த அமிலத்தை மனித உடல் மிக மெதுவாகத்தான் அப்புறப்படுத்தும். அது தேங்கத் தேங்க, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தேவையான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி முடங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் பார்வை நரம்புக்குப் பயனில்லை. இதற்கெல்லாம் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே முதல் நொதியைத் தடுத்துவிட்டால் அமிலம் புதிதாக உருவாகாது. நாம் வழக்கமாக மது என்று சொல்லும் எத்தனாலையும் அதே நொதிதான் செரிக்கிறது. அதுவும் மெத்தனாலைவிடப் பல மடங்கு அதிக நாட்டத்தோடு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி எத்தனால் நொதியைப் பிடித்துக்கொள்ள, மெத்தனால் நின்றுகொண்டே வரும். ஆனால் இது போட்டித் தடுப்பு. எத்தனாலின் அளவு குறைந்தால் இடம் மெத்தனாலுக்குப் போய்விடும். அதனால்தான் மருத்துவமனையில் எத்தனால் கொடுக்கும்போது ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமாவது இருக்கும்படி அளந்து அளந்து கொடுக்கிறோம். ஃபோமெபிசோல் என்ற மருந்து இன்னும் உறுதியாக அந்த நொதியைப் பிடிக்கும், போதையும் தராது. அமெரிக்காவில் 2000-இல் மெத்தனால் நஞ்சுக்கு அதை அங்கீகரித்தார்கள். விலைதான் கையைக் கடிக்கும்.

தடுத்துவிட்டால் மட்டும் போதாது. நொதி அடைபட்ட பிறகு மெத்தனால் மூச்சிலும் சிறுநீரிலும்தான் வெளியேற வேண்டும். பாதி குறையவே இரண்டு நாள் ஆகலாம். டயாலிசிஸ் செய்தால் மெத்தனாலும் போகும், ஏற்கெனவே உருவான அமிலமும் போகும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ வீட்டிலேயே ஒரு குவார்ட்டர் ஊத்தினா சரியாயிடுமே" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை அளவு இறங்கும். உருவாகிவிட்ட அமிலத்தை அது ஒன்றும் செய்யாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: கள்ளச்சாராயத்தோடு கடைச் சரக்கையும் குடித்தவருக்கு அறிகுறி இன்னும் தள்ளிப்போகும். எத்தனால் தீர்ந்த பிறகுதான் மெத்தனாலின் முறை வரும். குடும்பமோ, ஒன்றுமில்லை என்று நம்பியிருக்கும்.

மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் உதவாது. மது செரிக்கும் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது; நொதியின் இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. மெத்தனாலில் அப்படி விரட்டுவதும் கெடுதல்தான்.

2023 மே மாதம் மரக்காணம் பகுதியில், 2024 ஜூனில் 65 பேருக்கும் மேல் இறந்த கள்ளக்குறிச்சியில், இரண்டு இடத்திலும் ஒரே சரக்கைப் பலர் குடித்திருந்தார்கள். ஒருவருக்கு வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் என்று தெரிந்தால், அவரோடு குடித்தவர்கள் எல்லோரையும், நன்றாக இருக்கிறேன் என்பவரையும் சேர்த்து, 108-ஐ அழைத்துக் கூட்டிவாருங்கள். போலீஸுக்குப் பயந்து "சாப்பாடு ஒத்துக்கல" என்று சொல்லாதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை உள்ளபடி சொன்னால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று காட்டும் ரத்த வாயுப் பரிசோதனையை உடனே எடுத்துவிடுவோம்.