116 வெற்றியும் போதாத அக்டோபர்: பேஸ்பால் பிளேஆஃப் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ் அணி வழக்கமான சீசனின் 162 ஆட்டங்களில் 116-ஐ வென்றது. இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் வேறு எந்த அணியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஆனால் அக்டோபரில், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில், நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்று வெளியேறியது. 2006-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 வெற்றி, 78 தோல்வி என்று தட்டுத்தடுமாறி பிளேஆஃபுக்குள் நுழைந்து, கோப்பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

செப்டம்பர் வந்தால் ரசிகர்கள் காலையில் எழுந்ததும் தேடுவது ஒரு சதவீதத்தை: 'நம்ம அணிக்குக் கோப்பை வாய்ப்பு எவ்வளவு?' எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் 20, 25-க்கு மேல் அது ஏறுவது அபூர்வம். கணக்குப் போடுபவர்கள் கஞ்சத்தனம் பிடித்தவர்கள் என்று தோன்றும். இல்லை. அக்டோபரின் அமைப்பே அப்படி.

முதல் வேலை, அணியின் உண்மையான பலத்தை அளப்பது. வெற்றி எண்ணிக்கை அதற்கு நல்ல அளவுகோல் அல்ல. சரிபாதி பலமுள்ள ஓர் அணி 162 ஆட்டம் ஆடினால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அதன் வெற்றிகள் 81-லிருந்து 6 கூடவோ குறையவோ வாய்ப்புண்டு, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 6.4. அதாவது 87-75 என்று முடித்த அணி உண்மையில் சராசரி அணியாகவே இருக்கலாம்.

அதனால் அடித்த ரன்களையும் கொடுத்த ரன்களையும் பார்க்கிறார்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் எளிமையானது. அடித்த ரன்களின் வர்க்கத்தை, அடித்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், கிடைத்திருக்க வேண்டிய வெற்றி விகிதம் வரும். வர்க்கங்கள் வருவதால் பிதாகரஸ் பெயர் ஒட்டிக்கொண்டது. முக்கோணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2001 மரைனர்ஸ் அடித்தது 927, கொடுத்தது 627. கணக்கிட்டால் 0.686, அதாவது 111 வெற்றி. அடுக்கை 2-க்குப் பதில் 1.83 என்று வைத்தால் நடைமுறையோடு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, அப்போது 109. ஆக 116-ல் ஐந்து முதல் ஏழு வெற்றிகள், ரன்கள் சரியான ஆட்டங்களில் வந்து விழுந்ததால் கிடைத்தவை.

இதோடு நிறுத்தினாலும் பலத்தை மிகைப்படுத்திவிடுவோம். உச்சத்தில் நிற்கும் அணியிடம் திறமையும் இருக்கும், அந்த ஆண்டு அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். அந்த அதிர்ஷ்டம் அக்டோபருக்கும் கூடவே வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். பேஸ்பாலில் அணிகளின் உண்மைத் திறன் 0.500-ஐச் சுற்றி ஏறக்குறைய 0.060 திட்டவிலக்கத்தில் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அணியின் கணக்கில் சுமார் 70 ஆட்டங்களை 35-35 என்று சேர்ப்பது இந்த இழுப்புக்குச் சமம்.

2022 லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை எடுத்துப் பார்ப்போம். 111-51, விகிதம் 0.685. 35-35 சேர்த்தால் 146-86, விகிதம் 0.629. ஐந்து ஆட்ட பிளேஆஃப் சுற்றான டிவிஷன் சீரிஸில் எதிரே நின்ற சான் டியேகோ பாட்ரேஸ் 89-73. அதே வழியில் 0.534. இரண்டும் மோதினால் ஓர் ஆட்டத்தில் யார் வெல்வார்? இதற்கும் பில் ஜேம்ஸின் சூத்திரமே. டாட்ஜர்ஸின் வெற்றி விகிதத்தை பாட்ரேஸின் தோல்வி விகிதத்தால் பெருக்க வேண்டும்: 0.629 × 0.466 = 0.293. அதையே திருப்பிப் போட்டால் 0.534 × 0.371 = 0.198. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.597. அதாவது 22 வெற்றி கூடுதலாகப் பெற்ற அணிக்கு ஓர் ஆட்டத்தில் 60 சதவீதம். ஐந்தில் மூன்று வெல்ல வேண்டிய தொடரில் அது 68 சதவீதம் ஆகிறது. அந்த சீசனில் இவ்விரு அணிகளும் மோதிய 19 ஆட்டங்களில் 14-ஐ வென்றது டாட்ஜர்ஸ். தொடரை 3-1 என்று வென்றது பாட்ரேஸ். மூன்றில் ஒரு தடவை நடக்கக்கூடியது நடந்தது, அவ்வளவுதான். அதற்காகப் பயிற்சியாளரை வறுத்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

தொடரின் நீளம்தான் விஷயத்தின் மையம். ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 சதவீத வாய்ப்புள்ள அணி, மூன்று ஆட்டத் தொடரை வெல்ல 57.5 சதவீத வாய்ப்பு. ஐந்து ஆட்டத் தொடரில் 59.3. ஏழு ஆட்டத் தொடரில் 60.8. ஏழு வரை நீட்டியும் ஆறு புள்ளிதான் கூடுகிறது. அதே அணிக்கு 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் தொடரை ஏறக்குறைய 270 ஆட்டங்களுக்கு நீட்ட வேண்டும். ஒரு முழு சீசனை விட அதிகம்.

இப்போது சுற்றுகளைப் பெருக்கலாம். 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் தகுதி பெறுகின்றன: மூன்று பிரிவு வெற்றியாளர்கள், மூன்று வைல்டு கார்டுகள் (பிரிவை வெல்லாதவற்றில் சிறந்த மூன்று அணிகள்). பிரிவு வெற்றியாளர்களில் முதல் இரண்டு அணிகளுக்கு முதல் சுற்று விலக்கு. மற்ற நான்கும் மூன்று ஆட்ட வைல்டு கார்டு சீரிஸ் ஆட வேண்டும். பிறகு ஐந்து ஆட்ட டிவிஷன் சீரிஸ், ஏழு ஆட்ட லீக் சாம்பியன்ஷிப், கடைசியில் இரு லீக் வெற்றியாளர்களும் மோதும் ஏழு ஆட்ட வேர்ல்டு சீரிஸ். விலக்கு பெற்ற 55 சதவீத அணிக்கு 0.593 × 0.608 × 0.608, அதாவது 22 சதவீதம். விலக்கு இல்லாவிட்டால் இன்னொரு 0.575-ஆல் பெருக்க, 13-க்கு இறங்கிவிடும். ஐ.பி.எல்.-ல் முதல் இரண்டு இடங்களுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் வசதி உண்டு. இங்கே கிடைப்பது ஒரு சுற்றுக் குறைவு மட்டும்தான்.

சொந்த மைதான அனுகூலத்தையும் ரசிகர்கள் பெரிதாக நினைப்பார்கள். சம பலமுள்ள அணிகள் மோதினால் சொந்த மைதான அணிக்கு ஓர் ஆட்டத்தில் 53 முதல் 54 சதவீதம். ஏழு ஆட்டத் தொடரில் நான்கு ஆட்டம் உங்கள் ஊரில் என்றாலும் தொடரை வெல்லும் வாய்ப்பு 50-லிருந்து 51 ஆகிறது, அவ்வளவே. வைல்டு கார்டு சீரிஸ் வேறு கதை. மூன்று ஆட்டமும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்திலேயே நடக்கும் என்பதால் அங்கே 56 வரை போகும்.

கணக்கு சிக்கலாவது பந்து வீசும் பிட்சர்களிடம். வழக்கமான சீசனில் ஐந்து தொடக்க பிட்சர்கள் முறைவைத்து ஆடுவார்கள். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் கிடைப்பதால் மூன்று, நான்கு பேரே போதும். ஐந்தாவது ஆளும் நன்றாக வீசியதால் 95 வெற்றி பெற்ற அணிக்கு அந்த பலம் இங்கே உதவாது. இரண்டு அபார பிட்சர்களும் மூன்று சுமாரானவர்களும் வைத்திருந்த 88 வெற்றி அணி திடீரென்று மேலேறும். பேட்டர்கள் ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார்கள் என்பதும் தெளிவான உண்மை. அதனால் தொடக்க பிட்சரை ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸிலேயே எடுத்துவிடுகிறார்கள். எனவே நல்ல மாதிரிகள் அணியின் வெற்றிக் கணக்கை விட்டுவிட்டு, ஸிப்ஸ், ஸ்டீமர் போன்ற கணிப்பு முறைகளிலிருந்து ஒவ்வொரு வீரரின் எதிர்பார்ப்பையும் எடுத்து, யார் எவ்வளவு ஆடுவார் என்று மதிப்பிட்டு அணியைக் கீழிருந்து கட்டுகின்றன. அந்த 'எவ்வளவு ஆடுவார்' என்பதைப் பெரும்பாலும் மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மாதிரியின் பலவீனமான இடமும் அதுதான். தோள் வலி என்று ஒரு பிட்சர் உட்கார்ந்தால், செய்தி பட்டியலில் ஏறும் வரை சதவீதம் பழையதாகவே நிற்கும்.

இதையெல்லாம் ஒரே சூத்திரத்தில் அடக்க முடியாது. எனவே கணினியில் மீதி சீசனை ஆட்டம் ஆட்டமாக ஆடிப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தற்செயல் எண். உங்கள் அணியின் வாய்ப்பு 0.57 என்றால், எண் அதற்குக் கீழே வந்தால் வெற்றி. பட்டியலை முடித்து, சமநிலைகளை விதிப்படி பிரித்து, பிளேஆஃபையும் ஆடிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. 20,000 தடவையில் 4,000 தடவை உங்கள் அணி வென்றால் 20 சதவீதம். அத்தனை ஓட்டத்தில் தற்செயல் பிழை 0.3 புள்ளிக்குள் அடங்கும்; 1,000 ஓட்டம் மட்டும் என்றால் 1.3 புள்ளி வரை ஆடும். நேற்று 19.8, இன்று 20.1 என்று குதிப்பதில் கொண்டாட ஒன்றுமில்லை. அணிகளின் பலத்தைத் தவறாக மதிப்பிட்டிருந்தாலோ எத்தனை லட்சம் ஓட்டமும் அதைத் திருத்தாது.

கணினி இல்லாமலே போடக்கூடிய கணக்கு மேஜிக் நம்பர். 163-லிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். 88 வெற்றி, எதிரணிக்கு 68 தோல்வி என்றால் 7. உங்கள் வெற்றியோ அவர்கள் தோல்வியோ, மொத்தம் ஏழு வந்தால் இடம் உறுதி. 2022-க்கு முன் சமநிலை வந்தால் 163-வது ஆட்டம் ஒன்று நடந்தது. இப்போது அது கிடையாது. அந்த சீசனின் நேருக்கு நேர் கணக்கே முதலில் பார்க்கப்படும். ஒரே பிரிவு அணிகள் 2023 முதல் 13 தடவை மோதுவதால் யாராவது ஒருவர் முன்னால் இருப்பார். அது உங்கள் அணி என்றால் மேஜிக் நம்பரில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். பலர் மறக்கும் இடம் இது.

மேஜிக் நம்பர் பூஜ்யம் ஆகாதவரை எதுவும் முடியவில்லை என்பதற்கு 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ் போதும். செப்டம்பர் தொடக்கத்தில் வைல்டு கார்டு பந்தயத்தில் டாம்பா பே ரேஸை விட 9 ஆட்டம் முன்னிலை. வாய்ப்பு 99 சதவீதத்துக்கு மேல். அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி இரவில் பாஸ்டன் பால்டிமோரிடம் 4-3 என்று தோற்க, 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா யாங்கீஸை வென்று உள்ளே நுழைந்தது. காயமும் களைப்பும் பிட்சர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்கலாம். ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்ளும் மாதிரி, இப்படிச் சேர்ந்து வரும் சரிவைக் குறைத்தே மதிப்பிடும்.

மறுபடியும் மரைனர்ஸ். 2001-க்குப் பிறகு 2022-ல்தான் அவர்கள் பிளேஆஃபைப் பார்த்தார்கள். 1977-ல் பிறந்த அந்த அணி, 2025 முடிய வேர்ல்டு சீரிஸில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. 30 அணிகளில் அந்தப் பெயர் அவர்களுக்கு மட்டும். 2025-ல் 90-72 என்று பிரிவை வென்று, முதல் சுற்று விலக்கும் பெற்றார்கள். டிவிஷன் சீரிஸில் எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ். அதன் முதன்மை பிட்சர் டாரிக் ஸ்கூபல் வைல்டு கார்டு சீரிஸின் முதல் ஆட்டத்திலேயே வீச வேண்டியிருந்ததால், இந்தத் தொடரில் முதல் ஆட்டத்துக்கு வர முடியவில்லை. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் வந்தார். ஐந்தாவதில் 6 இன்னிங்ஸில் 13 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அப்படியும் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டங்களையும் மரைனர்ஸ் வென்றது, ஐந்தாவதை 15 இன்னிங்ஸில். வழக்கமான சீசனைப் போல, பிளேஆஃபில் கூடுதல் இன்னிங்ஸுக்கு இரண்டாம் பேஸில் இலவச ரன்னர் கிடையாது. அதனால்தான் இப்படி நீள்கிறது.

லீக் சாம்பியன்ஷிப்பில் டொரான்டோ புளூ ஜேஸை அவர்கள் ஊரிலேயே முதல் இரண்டு ஆட்டங்களிலும் மரைனர்ஸ் வென்றபோது கணக்கு எங்கே நின்றது? இரு அணிகளும் சமம், சொந்த மைதானத்தில் 54, வெளியூரில் 46 என்று கொள்வோம். மீதி ஐந்தில் மூன்று சியாட்டிலில், இரண்டு டொரான்டோவில். அவற்றில் இரண்டை வென்றால் போதும். வாய்ப்பு 82 சதவீதம். மூன்றையும் நான்கையும் புளூ ஜேஸ் எடுத்தது, ஐந்தாவதை மரைனர்ஸ். 3-2 முன்னிலையோடு மறுபடி டொரான்டோ. இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 0.54 × 0.54, அதாவது 29 சதவீதம். ஆறாவது போனது. ஏழாவதில், ஏழாம் இன்னிங்ஸின் பின்பாதியில், 3-1 முன்னிலை. ஒருவர் அவுட், டொரான்டோவின் ரன்னர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸில். அந்த நிலையிலிருந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக 1.4 ரன் வரும். அதாவது ஸ்கோர் பலகையில் தெரியும் இரண்டு ரன் முன்னிலை, கணக்கில் ஒரு ரன்னைவிடக் குறைவு. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4-3. அதுவே இறுதி ஸ்கோர்.

அடுத்த செப்டம்பரில் இந்தச் சதவீதங்களைப் பார்க்கும்போது, 'பிளேஆஃப் நுழைவு' என்ற பத்தியை விட முதல் சுற்று விலக்குக்கான பத்தியைக் கவனியுங்கள். நுழைவு 95-லிருந்து 99 ஆனால் கோப்பை வாய்ப்பு அசைவது சொற்பம். விலக்கு வாய்ப்பு 30-லிருந்து 70-க்கு ஏறினால், அந்த 55 சதவீத அணியின் கோப்பை வாய்ப்பு ஏறக்குறைய 15-லிருந்து 19 ஆகிறது. பிரிவை ஏற்கெனவே வென்றுவிட்ட அணிகூட, விலக்கு இன்னும் உறுதியாகவில்லை என்றால், கடைசி நாள் வரை போராடக் காரணம் இருப்பது இதனால்தான்.