சோரியாசிஸோட வர்ற ஆம்பளைங்ககிட்ட நான் தூக்கத்தப் பத்தி ஏன் கேக்குறேன்

ஸ்கின் டாக்டரா பிராக்டிஸ் பண்றதுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப கண்ணுல படுது. சோரியாசிஸோட வர்ற ஆம்பளைங்க முழங்கை, முட்டி, தலை, முதுகுன்னு எங்கெங்க படை இருக்குன்னு காட்டுவாங்க, எந்தெந்த ஆயின்மென்ட் போட்டாங்க, எப்ப குறைஞ்சு எப்ப திரும்ப வந்துச்சுன்னு வரிசையா சொல்வாங்க, ஆனா ராத்திரி தூக்கம் எப்படின்னு கேட்டா மட்டும் "அதெல்லாம் நல்லாத்தான் தூங்குறேன் டாக்டர்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. கூட மனைவி வந்திருந்தா அவங்கதான் மெதுவா ஆரம்பிப்பாங்க, இல்ல டாக்டர், குறட்டை பயங்கரமா இருக்கு, நடுவுல மூச்சே நின்ன மாதிரி ஆகிடுது, நான் பயந்துபோய் தட்டி எழுப்புறேன்னு. அந்தத் தகவலுக்காகத்தான் நான் அந்தக் கேள்வியையே கேக்குறேன்.

சோரியாசிஸ் தோல்ல தெரிஞ்சாலும் பிரச்சனை ஆரம்பிக்கிறது எதிர்ப்பு சக்தியில. சாதாரணமா ஒரு தோல் செல் அடியில உருவாகி மேல வந்து உதிர கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும், சோரியாசிஸ் இருக்குற எடத்துல அதே வேல சில நாள்லயே முடிஞ்சிடுது, அதனாலதான் வெள்ளை வெள்ளையா செதில் அடுக்கடுக்கா சேருது. இத தூண்டிவிடுற ரசாயனங்கள்ல முக்கியமானவை டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23. இப்ப வர்ற பயாலஜிக் ஊசிங்க பெரும்பாலும் இவங்களத்தான் தடுக்குது. தொட்டா ஒட்டாது, கூட சாப்பிட்டா ஒட்டாது, இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது.

நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாத்தான் வருது, ஆனா தீவிரம் சமமா இல்ல. ஸ்வீடன்ல 5,438 நோயாளிங்களோட பதிவேட்ட வெச்சு 2017ல வந்த ஆய்வுல, படையோட அளவயும் தீவிரத்தயும் கணக்கு போடுற பாசி ஸ்கோரோட இடைநிலை அளவு பெண்களுக்கு 5.4, ஆண்களுக்கு 7.3. காரணம் ஒண்ணே ஒண்ணுன்னு சொல்ல முடியாது, சிகரெட், மது, டாக்டர்கிட்ட லேட்டா வர்றது எல்லாம் சேரும். ஆனா ஹார்மோனுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நம்ப நல்ல காரணம் இருக்கு, ஏன்னா சோரியாசிஸ் இருக்குற பெண்கள்ல பாதிப் பேருக்கு கிட்ட கர்ப்ப காலத்துல படை குறையுது, குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் நிறைய பேருக்கு திரும்ப ஏறுது.

இப்ப ராத்திரிக்கு வருவோம். அரிப்பு பகல்ல பரவால்ல, படுத்தாதான் உயிர் போகுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது அவங்க கற்பனை இல்ல. உடம்புலயே சுரக்குற கார்டிசோல் வீக்கத்த அடக்குற ஹார்மோன், அது விடியக்காலையில உச்சத்துல இருக்கும், நடுராத்திரி வாக்குல ரொம்பக் கீழ எறங்கிடும். அதே நேரத்துல தோலோட சூடு ஏறும், தோல் வழியா வெளியேறுற ஈரமும் கூடும், காய்ஞ்ச தோல்ல அரிப்பு இன்னும் அதிகமாகும். சொறிஞ்சா அந்தக் காயத்துலயே புதுசா படை வரலாம், இத கோப்னர் விளைவுன்னு சொல்றோம், 19ஆம் நூற்றாண்டுலயே கண்டுபிடிச்சு எழுதி வெச்சது. இதுல தூக்கம் கெடுது. தூக்கம் கெட்டா ரத்தத்துல டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 மாதிரி வீக்கத்தக் கூட்டுற ரசாயனங்கள் ஏறுது. அதாவது அரிப்பால தூக்கம் போச்சு, தூக்கம் போனதால அரிப்புக்கு பின்னாடி இருக்குற நோய்க்கு இன்னும் பலம் கூடிடுச்சு.

ஆனா என்ன அதிகம் கவலப்பட வெக்கிறது அரிப்புல முழிச்சிருக்குறவங்க இல்ல, நல்லா தூங்குறதா நெனச்சுக்கிட்டு இருக்குறவங்கதான். குறட்டையோட நடுவுல தொண்ட தசை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைச்சு பத்து செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னுபோய், அப்புறம் திணறி திரும்ப மூச்சு வர்றது, இதுதான் ஸ்லீப் ஆப்னியா. மணிக்கு 5 தடவைக்கு மேல நடந்தா அது நோய்க் கணக்கு, 30க்கு மேலன்னா தீவிரம். ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது, மூளை பாதி முழிச்சுக்குது, அட்ரினலின் எகிறுது, ஆனா காலையில அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, வாய் காஞ்சு போய் தல பாரமா எழுந்து, மத்தியானம் மீட்டிங்ல கண்ணு சொருகும், வேலை அதிகம்னு நெனச்சுக்குவார். ஆம்பளைங்களுக்கு இது பெண்கள விட அதிகம், தொப்பை இருந்தா, கழுத்து சுத்தளவு 40 செ.மீ.க்கு மேல இருந்தா இன்னும் அதிகம். டென்மார்க்ல நாடு முழுக்க எடுத்து 2016ல வெளியான ஆய்வுல சோரியாசிஸ் இருக்குறவங்களுக்கு ஸ்லீப் ஆப்னியா வர்ற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு, ஆப்னியா இருக்குறவங்களுக்கு சோரியாசிஸ் வர்ற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் போகுது. ரெண்டுக்கும் பொதுவா உடல் பருமன் ஒண்ணு இருக்கு, அத மறக்கக் கூடாது, ஆனா ஆயின்மென்ட் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருந்து இத கேக்காம விட்டா பாதி பேஷன்ட்டத்தான் பாத்திருக்கோம்னு அர்த்தம்.

அடுத்து டெஸ்டோஸ்டிரோன். இப்ப இதப் பத்தி நெட்ல கண்டபடி பேசுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். இந்த ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்துலதான் ஏறும். சிகாகோ பல்கலைக்கழகத்துல ஆரோக்கியமான பத்து இளைஞர்கள ஒரு வாரம் ராத்திரி அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10லேருந்து 15 சதவீதம் எறங்கிடுச்சு, 2011ல வந்த ஆய்வு இது. ஒரே வாரத்துல, அதுவும் சின்ன வயசுப் பசங்களுக்கு. தொப்பைக் கொழுப்பு வேற டெஸ்டோஸ்டிரோன ஈஸ்ட்ரோஜனா மாத்துற என்சைம வெச்சிருக்கு, கூடவே இன்சுலின் சரியா வேல செய்யாம பண்ணுது, லெப்டின்னு ஒரு ஹார்மோன அதிகமா சுரக்குது, லெப்டின் வீக்கத்தக் கூட்டுற பக்கம் நிக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் பொதுவா எதிர்ப்பு சக்திய கொஞ்சம் அடக்கி வெக்கிற ஹார்மோன்தான், ஆனா சோரியாசிஸ் இருக்குற ஆண்கள அளந்து பாத்த ஆய்வுங்க எல்லாம் ஒரே பதில சொல்லல. அதனால டெஸ்டோஸ்டிரோன் கம்மி, அதான் சோரியாசிஸ்னு யாராவது ஊசி போடச் சொன்னா தயவுசெஞ்சு நில்லுங்க. வெளியிலேருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்துனா உடம்பு தானா சுரக்குறத நிறுத்திடும், விந்தணு எண்ணிக்கை விழும், ஸ்லீப் ஆப்னியா மோசமாகலாம். ஜிம்ல குடுக்குற ஊசிக்கும் இதே கததான். உண்மையிலேயே கம்மியான்னு தெரியணும்னா காலையில வெறும் வயித்துல, ரெண்டு வேற வேற நாள்ல ரத்தம் குடுத்துப் பாக்கணும், அதுக்கப்புறம் ஹார்மோன் டாக்டர் முடிவு பண்ணட்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இன்னொரு ஆபத்து, இதுவும் ஹார்மோன் விஷயம்தான், கார்டிசோலோட சொந்தக்காரன். அரிப்புக்குன்னு யாரோ குடுக்க, ஒரு வாரத்துல படை மாயமா மறஞ்சிடும், உடனே இதுதான் நல்ல மருந்துன்னு மறுபடி மறுபடி வாங்குவாங்க. திடீர்னு நிறுத்தும்போது சோரியாசிஸ் முன்ன இருந்தத விட மோசமா வெடிக்கும், சிலருக்கு உடம்பு முழுக்க சீழ்க் கொப்புளமா வந்து ஆஸ்பத்திரியில படுக்குற அளவுக்குப் போகும். டாக்டர் கண்காணிப்பு இல்லாம ஆரம்பிக்கவும் கூடாது, ஏற்கனவே எடுத்துக்கிட்டு இருந்தா நீங்களா பட்டுன்னு நிறுத்தவும் கூடாது.

நைட் ஷிப்ட் பாக்குறவங்க கேப்பாங்க, அதனாலயும் வருமான்னு. மாறி மாறி நைட் டியூட்டி பாத்த அமெரிக்க நர்ஸுங்கள பல வருஷம் கவனிச்ச ஆய்வுல ஆபத்து கூடுறது தெரிஞ்சுது, அவங்க எல்லாம் பெண்கள், ஆனா கார்டிசோலும், தூக்கத்துக்கு உதவுற மெலடோனின் ஹார்மோனும் வெளிச்சத்த வெச்சு ஓடுறது எல்லாருக்கும் ஒண்ணுதான். வேலைய விடுங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல, ஷிப்ட் வாராவாரம் மாறாம பாத்துக்க முடியுமா, பகல்ல இருட்டு ரூம்ல முழுசா தூங்க முடியுமான்னு பாருங்க.

ஆம்பளைங்க வாயே தெறக்காத ஒரு விஷயம் இருக்கு. பிறப்புறுப்புப் பகுதியில சோரியாசிஸ் வர்றது அபூர்வம் இல்ல, அங்க பெரும்பாலும் செதில் இருக்காது, சிவப்பா வழவழன்னு இருக்கும், அதனால பால்வினை நோயோன்னு பயந்து மறச்சிடுவாங்க, இல்லன்னா முட்டிக்குக் குடுத்த ஸ்ட்ராங் ஆயின்மென்ட்டயே அங்கயும் பூசி தோல மெலிய விட்டுடுவாங்க. விறைப்புக் குறைபாடும் சோரியாசிஸ் இருக்குறவங்களுக்கு அதிகம். அது மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம், ஆனா ரத்தக்குழாய் அடைப்போட முதல் அறிகுறியாவும் இருக்கலாம், தீவிர சோரியாசிஸ்ல மாரடைப்பு ஆபத்து கூடுதல்னு தெரிஞ்ச பிறகு இத வெக்கப்பட்டு விட்டுற முடியாது. நீங்க சொன்னா எந்த டாக்டரும் உங்கள தப்பா நெனக்கப் போறதில்ல.

சரி, என்ன பண்ணலாம். படுக்கப் போறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில குளிச்சு, ஈரம் முழுசா காயறதுக்குள்ள கெட்டியான மாய்ஸ்சுரைசர் தாராளமா தடவுங்க, ரூம் குளிர்ச்சியா இருக்கட்டும், நகத்த ஒட்ட வெட்டிக்கோங்க. மதுவ தூக்கத்துக்குன்னு குடிக்காதீங்க, அது தூக்கத்தயும் கெடுக்குது, தொண்டத் தசையயும் தளர்த்துது, சோரியாசிஸயும் கூட்டுது, சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட்ங்குற மருந்து எடுக்குறவங்களுக்கு கல்லீரலயும் பாதிக்குது. தூக்க மாத்திரைய நீங்களா வாங்காதீங்க, ஆப்னியா இருந்தா சில மாத்திரைங்க மூச்ச இன்னும் அமுக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தா, தூங்கும்போது மூச்சயும் ஆக்சிஜனயும் அளக்குற ஸ்லீப் ஸ்டடி கேளுங்க, தேவைன்னா மாஸ்க் வழியா காத்த அழுத்தி மூச்சுக்குழாய தெறந்து வெக்கிற சிபாப் மெஷின் இருக்கு. எடை கூடுதலா இருக்குறவங்க கொஞ்சம் எறக்கினாலே படையும் குறையுது, குறட்டையும் குறையுது, டெஸ்டோஸ்டிரோனும் ஏறுது, சோரியாசிஸ் மருந்தும் நல்லா கேக்குது, இவ்வளவு பலன் ஒண்ணா தர்ற மருந்து எங்கிட்ட இல்ல. பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பாத்துடுங்க. பிபிக்கு பீட்டா பிளாக்கர் எடுத்தா, இல்ல மனநலப் பிரச்சனைக்கு லித்தியம் மாத்திரை எடுத்தா, ஸ்கின் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சிலருக்கு அது சோரியாசிஸ தூண்டும், ஆனா மாத்துறத அந்த டாக்டர்ங்க பேசி முடிவு பண்ணட்டும்.

கடைசியா காலை நேரம். எழுந்ததும் விரலோ இடுப்போ குதிகாலோ இறுகிப் போய் அரை மணி நேரத்துக்கு மேல பிடிச்சுக்கிட்டு இருந்தா, நகத்துல குழி குழியா இருந்தா, நேத்து சரியா படுக்கலன்னு விட்டுடாதீங்க. சோரியாசிஸ் இருக்குறவங்கள்ல 30 சதவீதம் வரைக்கும் மூட்டுக்கு வருது, ராத்திரி தூக்கத்த வலியும் சேர்ந்து கெடுக்குது, மூட்டெலும்பு ஒரு தடவ அரிச்சுப் போனா திரும்ப பழையபடி ஆகாது, அதனால அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே போயிடுங்க.